பூட்டின வீட்டு ஆம்ப்ளிஃபையர்

சால்டரிங் அயர்ன் முனை பட்டதும் போர்டிலிருந்து கருவாட்டு வாடை கிளம்பினால், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கண்டன்சர் ஒன்று பக்கத்தில் எங்கோ ஒழுகியிருக்கிறது. எங்கள் தொழிலில் இது மீட்டர் வேண்டாத சோதனை. சில வகைக் கண்டன்சர்களின் உள்திரவம் சிதையும்போது அமின் சேர்மங்கள் வெளிவரும். மீன் கெடும்போது மூக்கைத் துளைப்பதும் அதே குடும்பம்தான். நாகப்பட்டினம் பக்கம் வேலைக்குப் போனால், வாடை ஜன்னல் வழியாக வருகிறதா போர்டிலிருந்து வருகிறதா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கூத்தாநல்லூர் வீட்டில் அடித்தது வேறு நெடி. எரிந்த காகிதமும் ஏதோ மருந்தும் கலந்தது மாதிரி. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, சொந்தக்காரர்கள் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். ஒரு மூலையில், கண்ணாடி ஷோகேஸுக்குள், 1980களில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். பக்கத்தில் கேசட் டெக், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு. ஒரு கீறல் இல்லை. வெல்வெட் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"தம்பி, பதினாலு வருஷமா யாருமே கை வைக்கலை. புதுசு மாதிரி இருந்துச்சு. பிளக்கைச் சொருகி மூணு நிமிஷம்கூட ஆகலை, படார்னு ஒரு சத்தம்" என்றார் வீட்டுக்காரப் பாய். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மகன்கள் இருவரும் சிங்கப்பூரில். இவரும் அங்கேதான். வீட்டைத் தெருக்கோடியில் இருக்கும் ஓர் அம்மா கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறார். கூத்தாநல்லூரில் இப்படித் தெருவுக்கு நாலு வீடாவது பூட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பாய் இன்னொன்றும் சொன்னார். "அப்படியே அந்த கேமரா பெட்டியோட அடாப்டரையும் பார்த்துடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போயிடுது. இது மூணாவது." பூட்டின வீட்டைச் சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்ப்பதற்காக மகன்கள் கேமரா வைத்திருக்கிறார்கள். பதிவுப் பெட்டியும் அடாப்டரும் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, கதவு சாத்திய மர அலமாரிக்குள். இரவு பகல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரே வீடு. கீழே ஓய்வெடுத்தே செத்த ஒன்று, மேலே ஓய்வே இல்லாமல் செத்த ஒன்று. இரண்டையும் திறந்தால் குற்றவாளி ஒரே ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்தில் மின்தேக்கி, படித்தவர்கள் வாயில் கெப்பாசிட்டர், மன்னார்குடிக் கடைத்தெருவில் கண்டன்சர். என் அப்பா அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் டிப்ளமோ முடித்து இப்போது அரிசி ஆலைகளின் மோட்டார் டிரைவ்களை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டிகளை, பழுது பார்க்கிறேன். இரண்டு பேருமே வாழ்நாளில் அதிகம் மாற்றிய சாமான் கண்டன்சர்தான். கண்டன்சரில் பல ஜாதி உண்டு. சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் டப்பா பிளாஸ்டிக் படலம் சுற்றியது. அதன் நோவு வேறு, அது இங்கே வேண்டாம். நான் சொல்வது எலெக்ட்ரோலைட்டிக் எனப்படும் அலுமினியக் குப்பி. தலையில் சிலுவை மாதிரியோ ஆங்கில எழுத்து மாதிரியோ கீறியிருக்குமே, அது. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தக் கீறல் வழியாகக் கிழிந்து காற்று போகட்டும் என்று வைத்த வழி.

பத்து வயதில் அப்பா ஒரு செத்த கண்டன்சரைக் கட்டிங் பிளேயரால் பிளந்து என் கையில் கொடுத்தார். உள்ளே கோரைப்பாய் சுருட்டி வைத்தது போல ஒரு சுருள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு அலுமினியத் தகடுகள், இடையில் ஈரக் காகிதம். ஒரு தகடு பளபளக்காமல் சாம்பல் பூத்தது போல இருந்தது. அமிலத்தில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத லட்சம் குழிகள் போட்ட தகடு அது. குழி கூடக் கூடப் பரப்பு கூடும், பரப்பு கூடினால் கொள்ளளவு கூடும். அந்தக் குழிகளின் சுவரெல்லாம் அலுமினிய ஆக்சைடு படிந்திருக்கும். அதுதான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சுவர். ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.4 நானோமீட்டர் தடிமன் போதும். அதாவது 400 வோல்ட் தாங்கும் கண்டன்சரில்கூட அந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

ஈரக் காகிதத்தில் இருப்பதுதான் எலெக்ட்ரோலைட். குழிகளுக்குள் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளத் திரவத்தால்தான் முடியும். ஆக, உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது: திரவம் ஒன்று, ஆக்சைடுச் சுவர் ஒன்று. சூடு திரவத்தைக் கொண்டுபோகும். சும்மா கிடப்பது சுவரைக் கரைக்கும். பாய் வீட்டில் மாடியில் நடந்தது முதலாவது, கூடத்தில் நடந்தது இரண்டாவது.

மாடியில் இருந்து ஆரம்பிக்கிறேன். டெல்டாக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கண்டன்சரின் உடம்பில் 105 டிகிரி என்றோ 85 டிகிரி என்றோ அச்சிட்டிருக்கும். பலர் அதை "105 வரை தாங்கும், கவலையில்லை" என்று படிக்கிறார்கள். நானும் டிப்ளமோ முடித்த புதிதில் அப்படித்தான் படித்தேன். தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும்: 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று இருக்கும். மலிவுச் சரக்கில் 1,000, நல்ல சரக்கில் 5,000, 10,000 வரை போகும். 2,000 மணி நேரம் என்பது 83 நாள். அந்தச் சூட்டில் அதற்கு ஒரு போகம் குறுவை விளையும் காலம்கூட ஆயுள் கிடையாது.

ஆனால் சூடு இறங்க இறங்க ஆயுள் பெருகும். பத்து டிகிரி குறைந்தால் இரண்டு மடங்கு என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889இல் வேதிவினையின் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதினார். 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்தப் பத்து டிகிரிக் கணக்கு அந்தச் சமன்பாட்டைக் கடைக்காரர் விரல் விட்டு எண்ணும்படிச் சுருக்கிக்கொண்டது.

பாயின் அடாப்டருக்குப் போட்டுப் பார்த்தேன். சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. கான்கிரீட் கூரைக்குக் கீழே அந்த அறையே 40 டிகிரிக்கு மேல். அலமாரிக்குள் அதைவிட அதிகம். அடாப்டரின் மேல்தோல் கை வைத்து நிறுத்த முடியாத சூடு. உள்ளே கண்டன்சர் 75 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 105இலிருந்து 75 வரை முப்பது டிகிரி இறக்கம், மூன்று முறை இரட்டிப்பு, எட்டு மடங்கு. 2,000 மணி 16,000 ஆகிறது. இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் ஒரு வருஷத்துக்கு 8,760 மணி. வகுத்தால் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போயிடுது" என்று பாய் சொன்னாரே, அவர் விவரத்தாள் படித்தவர் இல்லை.

இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கண்டன்சருக்குச் சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. அடாப்டருக்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடப்படுகிறது. அந்த அலையை விழுங்கி விழுங்கித் துப்புவதுதான் கண்டன்சரின் வேலை. உள்ளே இருக்கும் சின்ன மின்தடை வழியாக அந்த அலை போகும்போது நடுச்சுருள் சூடாகிறது. சூட்டில் திரவம் ஆவியாகி, அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பின் வழியாக அணுவணுவாக வெளியேறுகிறது. திரவம் குறைந்தால் அந்தத் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் திரவம் இன்னும் வேகமாகப் போகும். கந்துவட்டி மாதிரிதான். முதல் மூன்று வருஷம் ஒன்றும் தெரியாது, கடைசி ஆறு மாதத்தில் வீடே போய்விடும்.

அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே" என்ற வாக்கியத்தை நான் நம்புவதே இல்லை.

அலமாரிக் கதவைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள் என்றேன். பத்து டிகிரி குறைந்தால் புது அடாப்டர் மூன்றரை வருஷம் வரும். நல்ல கண்டன்சராக வாங்கி நானே போட்டால் அதற்கும் மேல். பாய்க்கு அது பிடிக்கவில்லை. திருடன் வந்தால் முதலில் பெட்டியைத்தானே தூக்குவான் என்றார். நியாயம்தான். கடைசியில் கதவின் மேலும் கீழும் சல்லடைக் கம்பி அடிப்பதாக ஏற்பாடு.

எங்கள் ஊர் வீடுகளில் சூட்டை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம் என்பது என் நீண்ட நாள் புலம்பல். செட்டாப் பாக்ஸ் மேல் குரோஷே துணி. அதன் மேல் ஒரு பொம்மை. அதற்கடியில் ஸ்டெபிலைசர். சமையலறைச் சுவருக்கு மறுபுறம் டிவி. எல்.இ.டி. பல்பை நாலு பக்கமும் மூடின கண்ணாடிக் குண்டுக்குள் போட்டுவிட்டு, "25,000 மணி நேரம்னு அட்டையில போட்டிருக்கான், ஒரு வருஷம் வரலை" என்று சண்டைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் அங்கே எரிந்து முடிவது எல்.இ.டி. இல்லை. அடியில் சோடா மூடி அளவுப் பலகையில் வெந்துகொண்டிருக்கும் கண்டன்சர்தான் முதலில் போகும்.

ஆலைக்குள் இந்தப் பாடம் ரூபாய்க் கணக்கில் வரும். நீடாமங்கலம் பக்கம் ஓர் ஆலை. புழுங்கல் அரிசி. உமி எரிக்கும் பாய்லர், அதற்கடுத்து டிரையர், டிரையரின் பின்சுவரிலேயே மின்பெட்டி. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரோ அங்கே மாட்டியிருக்கிறார்கள். உள்ளே மூன்று டிரைவ்கள். 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை அவை நேர்மின்னாக்கினால் சுமார் 585 வோல்ட். அதைத் தாங்க 400 வோல்ட் கண்டன்சர்களை இரண்டிரண்டாகத் தொடரில் கோத்திருப்பார்கள். டிரைவின் காற்றாடி வலையில் தவிட்டுத் தூசி, நெய் தடவியது போல ஒட்டி அடை பிடித்திருந்தது. காற்றாடி சுற்றுகிறது, காற்று வரவில்லை.

"மோட்டார் ஏறும்போதே டிரிப் ஆவுது. கரண்ட்டே சரியில்லை, சார்" என்றார் ஆபரேட்டர். டெல்டாவில் எது கெட்டாலும் பழி முதலில் வோல்டேஜ் மேல் விழும். மின்பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுவிட்டு டீ குடித்து வந்தேன். 58 டிகிரி. கண்டன்சர்களைக் கழற்றி, உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்தால் புதுசைப்போல் நாலு மடங்கு காட்டியது. தலை உப்பவில்லை, ஒழுகவில்லை. பார்க்கப் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

முதலாளியை மூன்று முறை பார்த்துப் பேசித்தான் பெட்டியை வடக்குச் சுவருக்கு மாற்ற வைத்தேன். ஒரு தடுப்பு, ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். அடுத்த மே மாதம் அதே மதிய நேரத்தில் 46 டிகிரி காட்டியது. பன்னிரண்டு டிகிரி குறைந்தது என்றால் ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேல். இதைச் சொன்னபோது முதலாளி, "அப்ப உங்களுக்கு வேலை பாதியா குறைஞ்சிடுமே" என்று சிரித்தார்.

வோல்டேஜ் மேல் பழி போடுகிறவர்களுக்கு ஓர் இடத்தில் மட்டும் நான் தலையாட்டுவேன். வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கண்டன்சர். கறுப்பு டப்பா. அதுவும் எலெக்ட்ரோலைட்டிக்தான், ஆனால் சில நொடி வேலைக்கென்றே செய்தது. மோட்டார் வேகம் எடுத்ததும் உள்ளே ஒரு சுவிட்ச் அதைக் கழற்றிவிட வேண்டும். கோடைச் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துக்கிடக்கும்போது மோட்டார் வேகமே எடுக்காது, சுவிட்ச் கழறாது, கண்டன்சர் லைனிலேயே நின்று கொதிக்கும். பிறகு வெடிக்கும். கிணற்றடியில் கறுப்புக் காகிதம் சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள்.

இனி கூடத்துக்கு வருவோம். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது அங்கேதான்.

பயன்படுத்தாமல் பொத்தி வைத்தால் புதுசாகவே இருக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. பட்டுப்புடவைக்கே அது பொருந்தாது, மடிப்பிலேயே கிழியும். வெண்கலப் பானைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

அப்பாவின் கடைக்குப் பரணிலிருந்து இறக்கின வால்வு ரேடியோக்கள் வரும். திருச்சி வானொலி 1939 மே மாதம் தொடங்கியது. அதற்குப் பிறகு வசதியுள்ள பண்ணை வீடுகளில் ரேடியோ வந்தது, தாத்தா காலத்தோடு பரணேறியது. பேரன் எடுத்துக்கொண்டு வருவான். அப்பா அதை ஒருபோதும் நேராகச் சுவரில் சொருகமாட்டார். ஒரு பலகையில் ஒரு பல்பு ஹோல்டரும் ஒரு சாக்கெட்டும் இருக்கும். சீரிஸ் போர்டு என்பார்கள். 60 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் முதல் மின்சாரம் ரேடியோவுக்குப் போகும். பல்பு முதலில் பிரகாசமாக எரிந்து, பிறகு மெல்ல மங்க வேண்டும். மங்காமலே எரிந்தால் உடனே பிடுங்கிவிடுவார். மங்கினால் அரை மணி நேரம் அப்படியே விட்டு அணைப்பார். சாயங்காலம் மறுபடி. மறுநாள் கொஞ்சம் பெரிய பல்பு. மூன்றாம் நாள்தான் ரேடியோ நேராகச் சுவரைப் பார்க்கும். அதற்குள் ஸ்பீக்கரில் "உம்ம்ம்" என்று இரைந்துகொண்டிருந்த 100 ஹெர்ட்ஸ் முனகலும் பாதி அடங்கியிருக்கும்.

"பட்டினி கிடந்தவனுக்கு முதல்ல கஞ்சிடா. சோறு போட்டா செத்துடுவான்" என்பார்.

உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது, பல்பு வழியாகப் போகும் மின்சாரம் அதைக் காயவைக்கிறது என்பது அப்பாவின் விளக்கம். காரணம் தப்பு. கை சரி. நானோ காரணத்தைப் பாடமாகப் படித்துவிட்டு வந்து, கடையில் இருந்த மூன்று நல்ல ரேடியோக்களின் கண்டன்சர்களை "பழசு" என்று பிடுங்கிக் குப்பையில் போட்டவன். அவற்றில் குறைந்தது இரண்டு ரேடியோவாவது தப்பியிருக்கும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

உண்மையில் நடப்பது இது. ஆக்சைடுச் சுவர் ஒருமுறை கட்டினால் தீர்ந்துபோகிற வேலை இல்லை. கண்டன்சரில் வோல்டேஜ் இருக்கும்வரை சுவரில் எங்கே ஒரு பொத்தல் விழுந்தாலும் அந்த இடத்தில் மின்சாரம் கசியும். கசியும் இடத்தில் எலெக்ட்ரோலைட்டிலிருந்து ஆக்சிஜன் வந்து அலுமினியத்தோடு சேர்ந்து புது ஆக்சைடு படியும். பொத்தல் அடைபடும். காவிரிக் கரையில் உடைப்பு எடுத்த இடத்திலேயே தண்ணீர் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிட்டுப் போவது போல என்று சொல்லலாம், அப்படி ஒரு கரை இருந்தால். வோல்டேஜ் இல்லாதபோது இந்தக் கொத்தனார் வேலைக்கு வருவதில்லை. ஆனால் எலெக்ட்ரோலைட்டில் இருக்கும் நீர் சும்மா இருக்காது, ஆக்சைடை நனைத்து நனைத்து வேறொன்றாக்கிக்கொண்டே இருக்கும். சுவர் இளைக்கும். வருஷக்கணக்கில் கிடந்த பிறகு திடீரென்று முழு வோல்டேஜும் வந்தால், சுவர் முழுக்க ஒரே நேரத்தில் கசியும். கசிவு சூடாகிறது. ஆக்சிஜன் ஒரு தகட்டுக்குப் போனால் ஹைட்ரஜன் மறு தகட்டில் வாயுவாக நிற்கிறது. சூடும் வாயுவும் சேர்ந்தால் தலைக்கீறல் கிழிகிறது. மூன்று நிமிஷம், படார்.

எலெக்ட்ரோலைட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆக்சைடு அழியாமல் நிற்கும் என்று கண்டவர் போலந்துக்காரர் கரோல் போலாக். 1896இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கண்டன்சர் பிறந்த நாளிலிருந்தே அதன் கேள்வி "தூங்கும்போது சுவர் நிற்குமா" என்பதுதான். நூற்று முப்பது வருஷத்தில் திரவங்கள் மிகவும் தேறிவிட்டன. இன்றைய சாதாரணக் கண்டன்சர் இரண்டு மூன்று வருஷம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. மின்னழுத்தம் அதிகமுள்ளவை, பழைய காலத்தவை, சூட்டிலேயே கிடந்தவை, இவற்றுக்குத்தான் பயம்.

இதை அளவு மீறிப் பயப்படுகிறவர்களும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பிறகு மின்சாரம் வந்ததும் டிவி எரியவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தவர்களில் சிலர், "சும்மாவே கிடந்ததால கண்டன்சர் போயிருக்கும்ல, சார்" என்றார்கள். ஒரு மாதத்தில் சுவர் கரையாது. அந்தப் பெட்டிகளைத் திறந்தால் போர்டில் உப்புப் பூத்திருந்தது. கடற்காற்றும் மழையும் ஓட்டுக்கூரை பறந்த வீட்டுக்குள் புகுந்த கதை அது. சில பெட்டிகளில் ஜெனரேட்டர்காரர் கொடுத்த வோல்டேஜின் கைவரிசை.

டிரைவ் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஓர் ஆலையில் ஸ்பேர் டிரைவ் ஒன்றைப் பாலிதீன் சுற்றிக் குடோனில் ஐந்து வருஷம் வைத்திருந்தார்கள். தகரக் கூரைக் குடோன். அறுவடைப் பரபரப்பில் ஓடிக்கொண்டிருந்தது நின்றதும் இதை எடுத்து மாட்டி நேராக 415 கொடுத்தார்கள். சத்தம் சாலை வரை கேட்டதாம். டிரைவ் கையேடுகளில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும்: வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் கால் பங்கு வோல்டேஜ், அரை, முக்கால், முழுசு என்று ஏற்ற வேண்டும். எவ்வளவு நாள் கிடந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு படியிலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். யாரும் படிக்காத பக்கம். அப்பாவின் குண்டு பல்பைத்தான் அவர்கள் பொறியியல் மொழியில் எழுதியிருக்கிறார்கள். இப்போது நான் பார்க்கும் ஆலைகளில் ஸ்பேர் டிரைவை வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கிற வாரத்தில், எடுத்து ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தேதியை டெல்டாவில் யாரும் மறக்க மாட்டார்கள்.

பாயின் ஆம்ப்ளிஃபையரில் 63 வோல்ட், 6,800 மைக்ரோஃபாரட் குப்பி இரண்டு. ஒன்று கிழிந்திருந்தது. மற்றது முழுசாக நின்றது. மீட்டரில் வைத்தால் 6,400 காட்டியது. கொள்ளளவு மீட்டர் இங்கேதான் ஏமாற்றும். குடம் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும், ஓட்டை இருக்கிறதா என்று சொல்லாது. ஒரு ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜை மெல்ல ஏற்றினேன். 40 வோல்ட்டில் 38 மில்லிஆம்பியர் கசிந்தது. ஒன்றரை வாட் சூடு, வேலை எதுவும் செய்யாமலே. உடனே 15க்கு இறக்கி அப்படியே விட்டேன்.

பாய் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்கிறேன் என்று கேட்டார். அப்பா சொன்ன கஞ்சிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "நோன்பு திறக்கிற மாதிரின்னு சொல்லுங்க. பேரீச்சம்பழம், கஞ்சி, அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை.

ஆறு மணி நேரத்தில் 40 வோல்ட்டில் கசிவு 2 மில்லிஆம்பியருக்கு இறங்கியது. 63 வோல்ட் குப்பிக்கு அது தாராளமாக நல்ல எண். அப்படியானாலும் இரண்டையும் மாற்றினேன். ஒன்று புதுசு, ஒன்று நாற்பது வருஷக் கிழம் என்று ஜோடி சேர்க்க மனம் வரவில்லை. சுவர் தேறிவிட்டாலும் திரவம் தேறாது. பதினாலு கோடையும் அந்தக் கூடத்தில் ஆவியானது ஆவியானதுதான். ரப்பர் அடைப்புக்கும் வயது உண்டு. கணக்கு எத்தனை வருஷம் என்று சொன்னாலும் பதினைந்து வருஷத்துக்கு மேல் எண்ணாதே என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்வது அதனால்தான். உள்ளே இருந்த சின்னச் சின்ன இருபது கண்டன்சர்களில் ஐந்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மீதியை விட்டுவிட்டேன். இந்த இடத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி மாற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. பழைய போர்டில் தாமிரக் கோடு பெயர்ந்து வருவதை அவர்கள் நாலு முறை பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் நடுவில் வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் டிரைவையோ வால்வு ஆம்ப்ளிஃபையரையோ திறந்து கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் நிமிஷக்கணக்கில் காத்திருக்கும். என் வலது கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதற்கு 2009இலிருந்து வயது.

கல்யாணத்துக்கு மைக் செட்டை வாடகைக்கே எடுத்தார்கள். ஆம்ப்ளிஃபையர் தயாரானது மறுவாரம். கிளம்புவதற்கு முன் பாய் கேட்டார், இனிமேல் எத்தனை நாளைக்கு ஒருமுறை போட வேண்டும் என்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டாலே போதும். ஆனால் ஆறு மாதம் என்று சொன்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மாதம் ஒருமுறை, முதல் வெள்ளிக்கிழமை, அரை மணி நேரம் என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். சுவிட்ச் எது, பிளக் எது என்று காட்டிக்கொடுத்தேன். வெல்வெட் துணியை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

பாய் சிங்கப்பூர் போய்விட்டார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாவிடமிருந்து போன்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே மாசாமாசம் போட்டுட்டு வரேன். பச்சை லைட்டு எரியுது. அரை மணி நேரம் எதிர்லயே உக்காந்திருக்கேன். ஒரு நாள்கூட பாட்டு வரலை. ரிப்பேரா?"

"கேசட் போட்டீங்களாம்மா?"

"கேசட்டா? அதை நீங்க சொல்லவே இல்லையே."